நடவு பெண்கள் கையில் இருந்தது, நடவு மிஷின் சீட்டில் ஏன் அவர்கள் இல்லை?

1 · கடைமடை

காவிரி டெல்டா வழக்கப்படி நாற்று பறிப்பதும் நாற்று முடி (கட்டு) சுமப்பதும் ஆண், நடுவதும் களை பறிப்பதும் பெண். இப்போது நடவுக்கு மிஷின் வந்துவிட்டது, சீட்டில் ஆண் உட்கார்ந்திருக்கிறார். களை பறித்த கைகளுக்குப் பதில் களைக்கொல்லி, அந்தத் தெளிப்பான் ஆண் முதுகில். அறுவடை மிஷின் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருகிறது, டிரைவரும் அதோடு வருகிறார். ஒவ்வொரு மிஷினும் வயலில் இறங்கும்போது ஒரு வேலை கைமாறுகிறது. கையால் செய்தவரை பழக்கப்படுத்தி சீட்டில் ஏற்றுவது மட்டும் நடப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். டிராக்டர், நடவு மிஷின், மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டுவது, வெல்டிங், வயரிங், டிரோன் எல்லாவற்றிலும் ஒரு பெண் நுழையப் பார்த்தால் எந்தப் படியில் தட்டுகிறது? "சமுதாயம் மாறணும்" மாதிரி பதில் வேண்டாம். எந்த ஆபீஸ், எந்தத் தாள், எந்த போல்ட் என்று எழுதுங்கள்.

2 · பழைய_பெல்ட்

கசப்பா இருந்தாலும் சொல்றேன், முதல் படி உடம்புதான். சேத்து உழவுக்கு கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டணும்னா ரெண்டு ஆம்பள வேணும். ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) கோக்கணும்னா கடப்பாரை போட்டு நெம்பணும். பழைய வண்டி கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். ஓட்டிடலாம், ஆனா ஓட்டுறது வேலையில பாதிதான்.

3 · திருப்புளி

அண்ணே, "ரெண்டு ஆம்பள வேணும்"னு நீங்களே எழுதிட்டீங்க. ஒத்த ஆம்பளயாலயும் முடியாத வேலைக்கு ஒத்த பொம்பளய நிறுத்தி ஏன் பாக்கணும்?

கேஜ் வீலை உருட்டித்தான் கொண்டு வரணும், தூக்கி இல்ல. அந்தப் பக்கத்து ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து, அடியில பலகை போட்டு, சக்கரத்தை நிமிர்த்திச் சாய்ச்சு வெச்சுட்டு, துளைக்கு நேரா துளை வர்ற வரைக்கும் ஜாக்கிய ஏத்தி இறக்கினா போதும். தோள் கொடுத்துத் தூக்குறது அவசரத்துல வந்த பழக்கம். அதுல இடுப்பு போன ஆம்பளைங்க கணக்கு யாரும் எடுக்கல.

ரோட்டவேட்டர்ல பலம் தேவைப்படுற இடம் ஒண்ணுதான்: டிராக்டரைச் சரியா பின்னால எடுக்காதப்போ. நேரா பின்னால வந்து, முதல்ல இடது கீழ் லிங்க் (கருவியைப் பிடிக்கிற டிராக்டரோட கை), அப்புறம் வலது கீழ் லிங்க், பிறகு டாப் லிங்க், கடைசியா பிடிஓ ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோற தண்டு). வலது பக்கம்தான் உயரம் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கு, அதனாலதான் அது ரெண்டாவது. வலதை முதல்ல மாட்டிட்டா இடதுல ஒத்துக்க வைக்க ஒண்ணும் கிடையாது, அங்கதான் கடப்பாரையும் கெட்ட வார்த்தையும் வரும். கழட்டும்போது அப்படியே தலைகீழ்.

கிளட்ச் கல்லு மாதிரி இருந்தா அது காலோட குறை இல்ல. லிங்கேஜ் முனையில கிரீஸ் இல்ல, இல்லைன்னா தட்டு தேஞ்சு ஆயுசு முடிஞ்சிருக்கு. ஸ்டியரிங் கனமா இருந்தா முதல்ல முன் டயர் காத்தைப் பாருங்க. காத்து குறைஞ்ச டயரைத் திருப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேரு கைவலின்னு சொல்லிட்டிருக்காங்க. அப்புறம் சீட்டு. அஞ்சடி உயரத்துக்காரங்க கிளட்சை முழுசா மிதிக்கும்போது முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கணும், இடுப்பு சீட்டை விட்டு எழும்பக் கூடாது. சீட்டுக்கு அடியில முன்னால தள்ளுற பின் இருக்கும், பெரும்பாலும் துருப்பிடிச்சுக் கிடக்கும். மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினா நகரும். அப்பவும் எட்டலைன்னா முதுகுக்குப் பின்னால கெட்டியான மெத்தை. அடியில வெச்சா உயரம்தான் கூடும், கால் இன்னும் எட்டாமப் போகும்.

4 · நெல்மணி

சேலையோடு டிராக்டர் ஓட்டலாமா?

5 · திருப்புளி

நடவுக்குப் போறவங்க சேலை மேல ஆம்பளச் சட்டை போட்டு முந்தானைய உள்ள விட்டிருப்பாங்க. மேல் பாதிக்கு அந்த யோசனை சரி. கீழ் பாதி பெடல்ல மாட்டும். கணுக்கால் ஒட்டின பேண்ட் அல்லது சுடிதார் போதும்.

துப்பட்டா மட்டும் கூடவே கூடாது. பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது விநாடிக்கு 9. ஷாஃப்ட் 7 செ.மீ. விட்டம்னு வெச்சா ஒரு சுத்துக்கு 22 செ.மீ. துணி சுருட்டும். விநாடிக்கு 2 மீட்டர். துப்பட்டாவோட நீளமே அவ்வளவுதான். நுனி மாட்டிச்சுன்னு மூளைக்குத் தெரியறதுக்குள்ள கழுத்துக்கு வந்திரும். இது துண்டுக்கும் லுங்கிக்கும் சேத்துத்தான். ஷாஃப்ட் மேல பிளாஸ்டிக் உறை இல்லாத வண்டியில யாருமே பின்னால நிக்கக் கூடாது. டெல்டாவுல எத்தனை வண்டியில அந்த உறை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

6 · சிட்டா_அடங்கல்

இயந்திரத்தை விட்டுத் தாளுக்கு வருகிறேன். என் கணிப்பில் பெண்கள் அதிகம் நிற்பது அங்கேதான்.

வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கு மானியம் 50 சதவீதம், சிறு, குறு விவசாயி அல்லாத பொதுப்பிரிவு ஆணுக்கு 40 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பவர் பெயரில் சிட்டா, அடங்கல் (நில உரிமை, பயிர் விவரத் தாள்கள்) கேட்பார்கள். பட்டா மாமனார் பெயரிலோ, இறந்து பல வருடமான தாத்தா பெயரிலோ இருக்கும். 1989-லேயே தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தால் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது, 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. நடைமுறையில் கல்யாணச் சீரோடு கணக்கு முடிந்ததாகச் சொல்லி, அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தோடு அந்தப் 10 சதவீதமும் போகிறது.

செய்ய வேண்டியது: பழைய பெயரில் பட்டா இருந்தால் முதலில் வாரிசுச் சான்று, பிறகு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல் விண்ணப்பம். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாளாகும். சீசன் தொடங்குமுன் முடியாது என்றால் கூட்டுப் பட்டாவில் பெயரையாவது ஏற்றி வையுங்கள். சிறு, குறு விவசாயி சான்று தாசில்தார் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். இயந்திரத்தைக் கடையில் எடுத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கக் கூடாது. ஒப்புதல் வந்த பிறகுதான் வாங்க வேண்டும். பில், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். ஓர் இடத்தில் அப்பா இனிஷியல், இன்னோர் இடத்தில் கணவர் இனிஷியல் என்றிருப்பதால் திரும்பி வரும் கோப்புகள் ஏராளம். ஆண்கள் கோப்பு இந்தக் காரணத்துக்காகத் திரும்பி வராது.

குத்தகை நிலம் இன்னொரு சங்கடம். கோயில், மடத்து நிலம் டெல்டாவில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு இருக்கிறது. அதில் கணவர் பெயர்தான் இருக்கும். கணவர் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டு, பயிர் முழுக்க மனைவி பார்த்தாலும் பதிவேட்டுக்கு அவர் யாருமில்லை.

7 · கடைமடை

அந்த இனிஷியல் விஷயத்தைத் தனியாக எடுத்து ஊர் போர்டில் எழுதி வைக்கலாம். சரி, நிலமே இல்லாதவர்களுக்கு? நடவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தானே.

8 · சிட்டா_அடங்கல்

அவர்களுக்குத் தனிநபர் மானியம் எட்டாது. குழுவாகச் சேர்ந்தால் இயந்திர வங்கி, வாடகை மையம் வழியாகப் போகலாம். ஒரு எச்சரிக்கை: குழுத் தலைவி பெயரில் மிஷின் வரும், சாவி அவர் கணவரிடம் இருக்கும். மிஷின் வருமுன்பே ஓட்டப் போகிறவர்கள் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் இரண்டு பெயர் எழுதி, அந்த இருவருக்கும் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட வேண்டும். எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போகலாம், எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் கணக்கில் குறுவைக்கு ஓட்ட வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரலிலேயே எல்எல்ஆர் கையில் இருக்கட்டும்.

9 · பழைய_பெல்ட்

திருப்புளி சொன்ன லிங்க் வரிசை சரி, ஒத்துக்கிறேன். ஆனா நடவு மிஷின் கதை வேற. பின்னால நடந்து ஓட்டுற நாலு வரிசை மிஷினை வரப்பு தாண்டி எடுத்துட்டுப் போக மூணு பேர் பிடிக்கணும். மூலையில திருப்பும்போது கைப்பிடியத் தூக்கணும், கால் சேத்துல முட்டி வரைக்கும்.

10 · நாற்றுத்தட்டு

அது சரியான குறை. அதனால்தான் பெண்கள் குழுவுக்கு நாலு வரிசை மிஷினைத் தள்ளிவிடாதீர்கள் என்பது. விலை குறைவு என்று அதைத்தான் முதலில் காட்டுவார்கள். உட்கார்ந்து ஓட்டும் 6 அல்லது 8 வரிசை மிஷினில் திருப்புவது ஸ்டியரிங் வேலை, ஒரு நாளில் 3, 4 ஏக்கர் முடிக்கலாம். கேரளத்தில் மகளிர் குழுக்கள் நடவு மிஷின் ஓட்டுவது புதிதல்ல. அங்கே சேறு இங்கிருப்பதை விட லேசும் இல்லை.

ஆனால் மிஷின் நடவில் வெற்றி தோல்வி ஓட்டுவதில் கால்வாசிதான். மீதி நாற்று வளர்க்கும் தட்டிலும் வயலிலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் சீட்டில் ஏறினால் முதல் வயலிலேயே பெயர் கெடும்.

தட்டு: மண்ணைச் சல்லடையில் சலித்து, கல் ஒன்றுகூட இல்லாமல் 2 முதல் 2.5 செ.மீ. கனம். ஒரு கல் போதும், நாற்றைக் கிள்ளும் நகம் வளைந்து அந்த வரிசை முழுக்க விட்டு விட்டு நடும். ஏக்கருக்கு 80 முதல் 100 தட்டு, விதை 15 கிலோ வரை. விதை தூவுவது சீராக இல்லாவிட்டால் தட்டில் சொட்டை விழும். தட்டில் சொட்டை விழுந்தால் வயலிலும் அதே சொட்டை. 15 முதல் 18 நாள் நாற்று. சுருட்டிப் பார்த்தால் பாய் போல் வரவேண்டும், பிய்ந்தால் வேர் இன்னும் பின்னவில்லை. இருபதைத் தாண்டினால் வேர் முறுக்கிக்கொண்டு நகத்துக்குக் கிள்ள வராது.

வயல்: சேற்றுழவு முடிந்து பரம்பு (சமன் செய்யும் பலகை) ஓட்டியதும் அன்றைக்கே மிஷினை இறக்கக் கூடாது. மணல் கலந்த மண்ணுக்கு ஒரு நாள், கடைமடைக் களிமண்ணுக்கு இரண்டு, மூன்று நாள் மண்டி படியவேண்டும். ஒரு குச்சியால் சேற்றில் கோடு இழுங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் படியவில்லை, நட்ட நாற்று மிஷினின் அலைக்கே மிதக்கும். மூடவே இல்லை என்றால் இறுகிவிட்டது, நகம் போட்ட குழி திறந்தே கிடந்து வேர் காயும். மெல்ல, இரண்டு மூன்று மூச்சு விடுவதற்குள் மூடினால் சரி. தண்ணீர் 1 முதல் 2 செ.மீ. மட்டும். வயலில் கண்ணாடி போல் தண்ணீர் நிறுத்தி வைத்திருப்பது நம் ஆட்கள் வழக்கம், கை நடவுக்கு அது ஒத்துவரும், மிஷினுக்கு வராது.

இதில் ஓட்டுநர் கையில் இருப்பது என்ன? ஆழம் கூட்டும் நெம்புகோல், ஒரு குத்துக்கு எத்தனை நாற்று என்ற திருகு, வேகம், நேர்வரிசை. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் யாரோ செய்தது. ஆனால் நாற்று மிதந்தால் "பொம்பளப் புள்ளய ஓட்டவிட்டா இப்படித்தான்" என்று வரப்பில் நிற்பவர் சொல்வார். ஆண் ஓட்டி மிதந்தால் "வயல் இன்னும் படியல" என்பார். மிதந்ததற்குக் காரணம் இரண்டிலும் ஒன்றே.

11 · நெல்மணி

தட்டு நாற்று வளர்ப்பதை மகளிர் குழுக்கள் செய்யலாமே. வீட்டுப் பக்கத்திலேயே முடியும், இரவில் போக வேண்டியதில்லை.

12 · நாற்றுத்தட்டு

செய்யலாம், நல்ல வருமானம்தான். ஆனால் மறுபடியும் குனிந்து செய்யும் பாதி பெண்ணுக்கும், உட்கார்ந்து செய்யும் பாதி ஆணுக்கும் என்று பிரிந்துவிடும். தட்டு வளர்க்கிற குழுவே மிஷினையும் ஓட்டட்டும். தட்டில் எங்கே விதை அடர்த்தி குறைந்தது என்று தெரிந்தவர் சீட்டில் இருந்தால் நாற்று எடுக்கும் திருகைத் தக்கபடி வைப்பார். தட்டு ஒருவர், ஓட்டம் ஒருவர் என்றால் பழி போடத்தான் வசதி.

13 · ஒர்க்‌ஷாப்_மணி

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) பற்றி யாரும் எழுதவில்லை. வெல்டர், டிராக்டர் மெக்கானிக், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். பிட்டர், எலக்ட்ரீசியன், வயர்மேன் இரண்டு வருடம். வெல்டர், வயர்மேனுக்கு எட்டாம் வகுப்பு போதும். தமிழ்நாட்டு ஐடிஐ சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. முப்பத்தைந்து வயதில் சேரலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அரசு ஐடிஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், ஐடிஐ-க்கும் உண்டு.

தட்டுகிற இடங்கள்: கவுன்சிலிங்கில் பெண் வந்தால் கேட்காமலே கம்ப்யூட்டர் ஆபரேட்டர், தையல் பக்கம் காட்டுவது. "எனக்குப் பிட்டர்தான், கட் ஆப் வருகிறதா பாருங்கள்" என்று தொழிற்பிரிவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். வகுப்பில் ஒற்றைப் பெண்ணாக இருந்தால் பயிற்சி மேசையில் நோட்டு எழுதும் வேலை அவருக்கு வந்துவிடும், அரம் பிடிப்பது பையன்கள். பிட்டர் தேர்வில் சதுரத்துக்குள் சதுரம் உட்கார வைக்கச் சொன்னால் நோட்டு எழுதிய கை உதவாது. முதல் மாதத்திலிருந்தே தனக்கென்று ஒரு வைஸ் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் மேசைக் கருவி) கேட்டு வாங்கிவிட வேண்டும். வைஸ் உயரம் முழங்கைக்கு நேராக இருந்தால்தான் அரம் நேராக ஓடும், உயரமாக இருந்தால் காலடியில் மரப்பலகை. அது சலுகை இல்லை, குட்டையான பையனுக்கும் அதுதான்.

பாதுகாப்புக் காலணி கடையில் பெரும்பாலும் 6-ஆம் நம்பரிலிருந்துதான் இருக்கும். 4, 5 சொல்லி வரவழைக்க வேண்டும். பெரிய காலணிக்குள் இரண்டு சாக்ஸ் போட்டு ஏணி ஏறுவது கால் வழுக்க வழி. வெல்டிங்குக்குப் பருத்தி அல்லது தோல் உடை. பாலியஸ்டர் சுடிதாரில் பொறி பட்டால் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும்.

கழிப்பறையும் கடைசி பஸ்ஸும் எல்லோருக்கும் தெரிந்தது. பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தில் டவுன் பஸ் இலவசம், ஆனால் ஒர்க்‌ஷாப் ஐந்து மணிக்கு விட்டால் ஊருக்குள் போகிற கடைசி வண்டியைப் பிடிக்க முடிகிறதா என்று சேருமுன்பே ஒரு நாள் போய்ப் பாருங்கள். வேலை கிடைத்த பிறகு தங்க, தஞ்சாவூர், திருச்சியில் அரசின் தோழி விடுதி இருக்கிறது.

14 · காயில்கட்டு

மோட்டார் ரீவைண்டிங்கை யாரும் தொடலையே. இதுல பெண்களுக்கு இருக்கிற தடை அபத்தத்திலும் அபத்தம். மேசையில உட்கார்ந்து, நிழல்ல, பொறுமையா செய்யற வேலை. பெரிய கம்பெனிகள்ல வைண்டிங் பிரிவுல பெண்கள்தான் நிறைய. இங்க கடைத்தெருக் கடையில மட்டும் ஆம்பள.

காரணம் காயில் இல்ல, போர்வெல் (ஆழ்துளைக் கிணறு). கடைக்காரர் மோட்டாரைப் போர்ல இருந்து ஏத்தி, காயில் கட்டி, திரும்ப இறக்கித் தரணும்னு விவசாயி எதிர்பாக்கறார். 2 இன்ச் ஜிஐ பைப் ஒரு பத்தடிக்கு 15 கிலோ. 150 அடின்னா 15 பைப்பு, கீழ மோட்டாரும் பம்பும் தண்ணியும். அதை யாரும் கையால தூக்கறதில்ல, மூணுகால் ஸ்டாண்டும் செயின் பிளாக்கும்தான். கிளாம்ப் ரெண்டு, ஒண்ணு பிடிச்சிருக்கும்போது மறுது மேல ஏறணும். கிளாம்ப் போல்ட் முழுசா இறுகாம செயினைத் தளர்த்தினா மொத்தமும் போருக்குள்ள. இதுல தேவை கவனம். அப்படியும் வேண்டாம்னா ஏத்தி இறக்கறதுக்குத் தனி ஆளை வெச்சுட்டு காயில் மட்டும் கட்டுற கடை போடலாம்.

வேலை இப்படி: கருகின காயிலை வெட்டறதுக்கு முன்னாடி சுத்து எண்ணிக்கை, கம்பி கேஜ் (கனம்), பிட்ச் (காயிலோட ரெண்டு பக்கத்துக்கும் இடையில எத்தனை ஸ்லாட்), கனெக்‌ஷன் நாலையும் எழுதணும். எழுதாம வெட்டினவங்க பிறகு குருட்டாம்போக்குல கட்டி, மோட்டார் சூடாகித் திரும்ப வரும். தண்ணிக்குள்ள இருக்கிற மோட்டாருக்கு பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிதான், வார்னிஷ் கம்பி ஆகாது. ஸ்லாட்டுல இறக்கும்போது உறையில நகக்கீறல் விழுந்தாலும் தண்ணி குடிக்கும். சின்ன விரல் இங்க லாபம். முடிச்சதும் தண்ணியில ஊறப்போட்டு 500 வோல்ட் மெக்கர்ல (மின்கசிவு இருக்கான்னு பாக்கிற மீட்டர்) பாக்கணும், 1 மெகாஓமுக்குக் கீழ காட்டினா கொடுக்காதீங்க. டெல்டாவுல மோட்டார் எரியறதுக்கு முக்கியக் காரணம் ஒரு பேஸ் போறதுதான். ஸ்டார்ட்டர்ல பிரிவென்டர் (ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்துறது) வேலை செய்யுதான்னு பாக்காம கட்டின காயிலை இறக்கினா ஒரு வாரத்துல திரும்ப வரும், பழி கட்டினவங்க மேல. நாற்றுத்தட்டு சொன்ன அதே கணக்கு.

வயரிங் லைசென்ஸுக்கு ஒரு குறிப்பு. மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வுக்கு 21 வயசும் 5 வருஷ அனுபவமும் கேப்பாங்க. அனுபவச் சான்று கொடுக்க வேண்டியவர் காண்ட்ராக்டர். அஞ்சு வருஷம் ஒரு பெண்ணை உதவியாளா வெச்சிருந்த காண்ட்ராக்டர் இங்க எத்தனை பேர்? அதனால பெண்களுக்கு ஐடிஐயும் அதுக்கப்புறம் அப்ரண்டிஸும்தான் நேர்வழி. யார் தயவும் இல்லாம தாள் கைக்கு வரும்.

15 · பழைய_பெல்ட்

இதெல்லாம் பகல் வேலை. அறுவடை மிஷின்? ராத்திரி பதினோரு மணிக்கு வயல்ல நிக்கும். டிரைவர் மிஷின் அடியில தார்ப்பாய் விரிச்சுத் தூங்குவார். தரகர்தான் அடுத்த வயலைச் சொல்வார்.

16 · கடைமடை

இங்கே ஒரு விஷயம் பிரித்துப் பார்க்க வேண்டும். ராத்திரி அறுப்பது நெல்லுக்குத் தேவையா, மிஷின் பற்றாக்குறையாலா? சம்பாவுக்குத் தை, மாசியில் பனி விலகிக் கதிர் காய காலை ஒன்பது, பத்து ஆகும். மாலை பனி இறங்கியதும் வைக்கோல் ஈரமாகி மிஷின் மென்று துப்பும், நெல்லும் ஈரப்பதம் ஏறிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் தாண்டி நிற்கும். அதாவது ராத்திரி அறுப்பு விவசாயிக்கே நஷ்டம். வெளியூர் மிஷின் சீக்கிரம் அடுத்த ஊருக்குப் போக வேண்டும், அதுதான் அவசரம். உள்ளூர் மிஷின், உள்ளூர் டிரைவர் என்றால் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

சட்டமும் தடையில்லை. வயல் தொழிற்சாலையே இல்லை. தொழிற்சாலைகளில் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களைத் தடுத்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் உட்பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது, போக்குவரத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளை வலியுறுத்தி. குமரி மாவட்டத்தில் எம். வசந்தகுமாரி 1993-ல் அரசுப் பஸ் டிரைவர் ஆனார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் பெண் டிரைவர் என்றால் பத்திரிகையில் படம் வருகிறது.

17 · பழைய_பெல்ட்

தரகருக்கு என்ன வழி? அவர் போன் போடுறது தெரிஞ்ச டிரைவருக்குத்தான்.

18 · கடைமடை

தரகர் இல்லாமல் முடியாது, உண்மை. ஆனால் அவருக்கு வேண்டியது கமிஷன். முதல் சீசனில் ஒரு வேலி, இரண்டு வேலி (வேலி என்பது ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) சேர்ந்தாற்போல் இருக்கும் நிலத்தைக் குழுவின் சொந்த ஊரிலேயே முன்கூட்டிப் பேசி வைத்துவிட்டு, அதற்குமேல் தரகரிடம் போனால் அவரே கூப்பிடுவார். பணம் மட்டும் தரகர் கையில் வாங்கக் கூடாது. மணிக் கணக்கை விவசாயியும் ஓட்டுநரும் சேர்ந்து மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும்.

19 · புகையான்

டிரோன் பற்றி. நமோ டிரோன் தீதி திட்டத்தில் சுய உதவிக் குழுவுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் மானியம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. உதவியாளர் என்று இன்னொருவருக்கும் பயிற்சி உண்டு, அந்த இடத்தில் பெரும்பாலும் கணவர் பெயர் வரும். தவறில்லை, ஆனால் அவர் வெளியூர் போனால் டிரோன் வீட்டில் தூங்கும். இரண்டாவது பெயரும் குழுவிலிருந்தே இருக்கட்டும்.

10 லிட்டர் தொட்டி, ஒரு ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள். ஒரு பேட்டரி ஒன்றிரண்டு பறப்புக்குத்தான் வரும். நாளைக்கு 20 ஏக்கர் அடிக்க வேண்டுமென்றால் நாலைந்து ஜோடி பேட்டரி, வயலோரம் ஜெனரேட்டர், எல்லாம் ஏற்ற ஒரு சரக்கு ஆட்டோ. டிரோன் மட்டும் கொடுத்துவிட்டு இவை இல்லாவிட்டால் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டா போவார்கள்? தடை என்று யாரும் பெயர் சொல்லாத தடை அதுதான்.

இன்னொன்று, இதுதான் பெயரைக் கெடுப்பது. புகையான் (சாறு உறிஞ்சும் பூச்சி) தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். டிரோனின் நுண்துளி மேல் இலையோடு நின்றுவிடும், அடர்ந்த பயிரில் அடிவரை இறங்காது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரோன் அருமை. புகையானுக்கு அழைத்தால் "தூரடிக்கு இறங்காது, தண்ணீரை வடித்துவிட்டு, பயிரைப் பிரித்துக் கைத்தெளிப்பான் அடியுங்கள்" என்று சொல்லி அந்த வேலையை மறுத்துவிட வேண்டும். காசுக்கு ஆசைப்பட்டு அடித்தால் நாலாம் நாள் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்திருக்கும், மருந்தைக் குறை சொல்ல மாட்டார்கள். கர்ப்பமாக இருப்பவர் மருந்து கலக்கும் பக்கமே வரக் கூடாது, அதற்கும் இரண்டாவது பெயர் வேண்டும்.

20 · நெல்மணி

சின்னக் கடை, பட்டறையில் பாலியல் தொல்லை என்றால்? நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் புகார்க் கமிட்டி எங்கே இருக்கும்?

21 · ஒர்க்‌ஷாப்_மணி

பத்து பேருக்குக் குறைந்த இடத்துக்கு 2013 பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. முதலாளியே தொல்லை கொடுத்தாலும் அங்கேதான். எழுத்தில் புகார், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். தேதி, நேரம், அங்கே யார் இருந்தார்கள் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள், பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் தேதி முரணும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

22 · கடைமடை

சீட்டில் ஏறும் வரை உள்ளதெல்லாம் வந்துவிட்டது. ஏறிய பிறகு வரும் "பழி" விஷயத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஏதாவது கைவசம் இருக்கிறதா?

23 · நாற்றுத்தட்டு

ஒரு துண்டுச் சீட்டு. மிஷின் வயலில் இறங்குமுன் நிரப்பி, நிலத்துக்காரர் கையெழுத்து வாங்க வேண்டும். சேற்றுழவு முடிந்த தேதி. பரம்பு ஓட்டிய தேதி. நாற்று விதைத்த தேதி, இன்று எத்தனையாவது நாள். தட்டு யார் வளர்த்தது. குச்சிக் கோடு: உடனே மூடியது, மெல்ல மூடியது, மூடவில்லை, மூன்றில் ஒன்றுக்கு டிக். தண்ணீர் எத்தனை செ.மீ., நாலு மூலையிலும் நடுவிலும் அளவுகோல் வைத்து. கடைசியில் ஒரு வரி: "படியவில்லை என்று ஓட்டுநர் சொல்லியும் இன்றே நடச் சொன்னேன்", அதற்கு எதிரே தனிக் கையெழுத்து. அந்த வரியைக் காட்டியதும் பாதிப் பேர் "நாளைக்கே வாங்கம்மா" என்று சொல்லிவிடுவார்கள்.

24 · பழைய_பெல்ட்

அந்தச் சீட்டு டிராக்டருக்கும் போடலாமே. டீசல் யார் ஊத்தினது, எத்தனை லிட்டர்னு ஒரு கட்டம் வைங்க. நம்ம ஆளுங்களுக்கும் உதவும்.